குமரி மாவட்டத்தில் சுருட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கைவேலை மரப்பெட்டிகளைப் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். மரவேலையைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பக்கம் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. அதில் வெளிநாட்டுச் சுருட்டைக் கெடாமல் வைத்திருக்கும் பயணப் பெட்டியைப் பற்றியும், அதாவது ஹியூமிடார் என்று சொல்வார்களே அதைப் பற்றியும், ஒரு பத்தி இருந்தது. பெட்டியின் படம் நன்றாக இருந்தது. ஆனால் படத்துக்குக் கீழே கொடுத்திருந்த யோசனைகளைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. ஈரப் பஞ்சை உள்ளே வையுங்கள், பஞ்சு இல்லையென்றால் ஒரு துண்டு ஆப்பிளோ உருளைக்கிழங்கோ போதும், வண்டு வராமலிருக்க நாலு கிராம்பு போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதைக் குமரி மாவட்டத்தில் ஒருவர் மழைக்காலத்தில் அப்படியே செய்தால் கொஞ்ச நாளிலேயே சுருட்டெல்லாம் பூசணம் பிடித்துப் போகும், பெட்டியும் நாறிப் போகும். தக்கலைப் பக்கம் மரவேலை செய்கிறவன் நான், இந்தப் பெட்டிகளும் செய்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

புகையிலை உடம்புக்குக் கேடு, அதில் இரண்டு கருத்து கிடையாது. யாரையும் சுருட்டுப் பிடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நம் மாவட்டத்தில் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகாத ஆள் உள்ள தெரு எது? அவர்கள் விடுமுறையில் வரும்போது மாமாவுக்கோ பழைய முதலாளிக்கோ ஒரு பெட்டிச் சுருட்டு வாங்கி வருவது ரொம்ப காலமாக நடக்கிற காரியம். சுங்கத்தில் 25 சுருட்டு வரைதான் வரியில்லாமல் விடுவார்கள், அந்த 25-க்கும் அவர்கள் கொடுத்த விலை சின்ன விலை இல்லை. அதை அலமாரியில் வைத்துக் கெடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பெட்டி எந்த ஊருக்காகப் பிறந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். சுருட்டு விளைவது கியூபா, டொமினிகன் குடியரசு, நிகராகுவா மாதிரி வெயிலும் ஈரமும் உள்ள நாடுகளில். அதை வாங்கிப் போனவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுச் சூடாக்கும்போது காற்று எலும்பாகக் காய்ந்துவிடும், அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போவது அங்கே சாதாரணம். அந்தக் காற்றில் சுருட்டு இரண்டே நாளில் சருகாகி, மேல் இலை வெடித்துவிடும். அதனால் பெட்டிக்குள் தண்ணீர் வைத்து ஈரத்தைக் கூட்டினார்கள். 70-க்கு 70 என்று ஒரு கணக்கு சொல்வார்கள், 70 டிகிரி ஃபாரன்ஹீட், 70 சதவீத ஈரப்பதம். 70 ஃபாரன்ஹீட் என்றால் நம் கணக்கில் 21 டிகிரி செல்சியஸ். குளச்சலிலோ முட்டத்திலோ மணக்குடியிலோ ராத்திரி 21 டிகிரிக்கு இறங்குகிறதா? ஈரம் குறைகிறதா? ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. மழை மாதங்களில் காலை ஈரப்பதம் 80-க்கு மேலேதான் நிற்கும். இந்தக் காற்றில் பெட்டியைத் திறந்து, அதற்குள் இன்னும் ஈரப் பஞ்சையும் வைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன், பழுது பார்க்கக் கொண்டுவரும் பெட்டிகளில். சுருட்டு என்பது மூன்று அடுக்கு. நடுவில் மடித்து வைத்த இலைகள், அதைச் சுற்றிக் கட்டும் இலை, அதற்கு மேலே மெல்லிய தோல் மாதிரி ஒரு இலை. ஈரம் கூடினால் நடு இலைகள் ஊதும், மேல் இலையால் அந்த அளவுக்கு விரிய முடியாது, நீளவாக்கில் கிழியும். காய்ந்தாலும் கிழியும், ஊதினாலும் கிழியும். ஊதிப் போன சுருட்டு சரியாக எரியாது, இழுக்கவும் வராது, பாதியில் அணைந்து அணைந்து போகும். 75-க்கு மேலே தொடர்ந்து நின்றால் பூசணம். வெள்ளையாகவோ பச்சையாகவோ மயிர் மயிராகப் பூக்கும். சிலர் அது முதிர்ந்த சுருட்டில் வரும் எண்ணெய்ப் பூப்பு, நல்ல அடையாளம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். மயிர் மாதிரி எழும்பி நின்றாலோ, துடைத்த பிறகு கறை இருந்தாலோ அது பூசணம்தான், அந்தச் சுருட்டை அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும்.

அப்புறம் வண்டு. புகையிலை வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக இருக்கும். முட்டை சுருட்டோடேயே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. குளிர்நாட்டில் அது பொரிக்காமல் கிடக்கும், நம்மூர் 30 டிகிரியில் பொரிக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால் சுருட்டில் ஊசி குத்தியது போலத் துளைகள், கீழே மாவு. இதே வண்டுதான் அடுக்களையில் கொத்தமல்லி டப்பாவிலும் மஞ்சளிலும் வருவது, நம் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் மளிகை அலமாரியில் இந்தப் பெட்டியை வைக்கவே கூடாது. வண்டுக்குச் செய்ய வேண்டியது கிராம்பு போடுவது இல்லை. மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளைகிற நம் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், அதற்காக அதைப் புகையிலைக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? புகையிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும், ஒரு மாதத்தில் சுருட்டு முழுக்கக் கிராம்பாகிவிடும், வண்டு போனதா என்றால் அதுவும் நிச்சயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததும் சுருட்டைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் இரண்டு அடுக்காகப் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகு கவரைத் திறக்காமலே அறைச்சூட்டுக்கு வரவிட்டு, அதன்பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். சட்டென்று வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். மற்றபடி ஃபிரிட்ஜில் வைத்துப் பழகாதீர்கள். ஃபிரிட்ஜின் உள்காற்று காய்ந்த காற்று, அதிலும் நம் வீட்டு ஃபிரிட்ஜில் மீன் இல்லாத நாள் எது?

ஈரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இருவழியாக வேலை செய்கிற ஈரப்பத பாக்கெட்டுகள் இருக்கின்றன, போவேடா என்ற பெயரில் வருவது பலருக்குத் தெரியும். உள்ளே உப்புக் கரைசல், வெளியே நீராவியை மட்டும் விடுகிற சவ்வு. பெட்டிக்குள் ஈரம் குறைந்தால் விடும், கூடினால் தானே எடுத்துக்கொள்ளும். 65, 69, 72 என்று எண் போட்டு வருகிறது. நம் மாவட்டத்துக்கு 65 எண்தான் என் யோசனை, ஏனென்றால் நம் சூட்டில் 70-ஐத் தாண்டுவதற்கும் பூசணம் வருவதற்கும் இடையே ரொம்ப இடம் கிடையாது. ஐந்து சுருட்டு வைக்கிற பெட்டிக்கு 8 கிராம் பாக்கெட் ஒன்று போதும். வெளிநாட்டில் இந்தப் பாக்கெட் காய்ந்து கட்டியாகும், அப்போது மாற்றுவார்கள். நம்மிடம் நடப்பது நேர்மாறு, அது ஈரத்தை எடுத்து எடுத்து ஊதிக் குண்டாகும். குண்டானால் பெட்டி எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம், பாக்கெட்டைக் குற்றம் சொல்லக் கூடாது. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல்லை எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள், அது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் உறிஞ்சிக்கொண்டே போகும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், மாவட்டம் முழுக்க ஒரே காற்று இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், முப்பந்தல் காற்றாலைகள் நிற்கிற இடத்தில், காற்று காய்ந்து வீசுகிற மாதங்கள் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு இருந்தால் துணியே காயாது. நாகர்கோவிலில் ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற அறையில் ஈரம் 50 பக்கம் வந்துவிடும். ஒருவருக்குச் சரியானது அடுத்தவருக்குச் சரியாகாது, அதனால்தான் இருவழிப் பாக்கெட். பஞ்சுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும்.

பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஈரமானியை நம்பலாமா என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். சோதித்துவிட்டு நம்புங்கள். ஒரு சோடா மூடியில் தூள் உப்பை எடுத்து, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு மூடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்ளே 75 சதவீதம் நிற்கும், இது உப்பின் குணம், நம்மூர்ச் சூட்டில் பெரிதாக மாறாது. மானி 71 காட்டினால் நாலு குறைவாகக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். புத்தளம், சாமித்தோப்பு உப்பளத்துக் கல்லுப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். சுத்தம் செய்யாத உப்பில் மக்னீசியம் இருக்கும், அது கணக்கைக் கீழே இழுத்துவிடும். கடைத் தூள் உப்புதான் இதற்குச் சரி.

இனி மரம். உங்கள் கட்டுரையில் இதை ஒரே வரியில் விட்டுவிட்டார்கள், எனக்கு அதில்தான் வருத்தம் அதிகம். உள்ளே பதிக்கிற மரத்துக்கு உலகம் முழுக்க ஸ்பானிஷ் சீடர் என்பார்கள். அது ஸ்பெயினிலும் விளைவது இல்லை, தேவதாரு இனமும் இல்லை. மத்திய, தென் அமெரிக்காவில் வளர்வது, வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பம். ஈரத்தை நன்றாக வாங்கித் திருப்பிக் கொடுக்கும், எடை குறைவு, வண்டுக்கு அதன் மணம் ஆகாது என்பார்கள், அந்த மணம் புகையிலையோடு ஒத்துப் போகும். அளவுக்கு மீறி வெட்டினதால் 2020 முதல் அதன் உலக வணிகத்துக்குக் கட்டுப்பாடு இறுகிவிட்டது, கிடைப்பதும் விலையும் கஷ்டம். ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு இருக்கிறதே, அது இதற்கு மிக நெருங்கிய சொந்தம், ஒரு காலத்தில் தாவரவியலார் இரண்டையும் ஒரே இனத்தில்தான் வைத்திருந்தார்கள். சிவப்பு ஓடிய லேசான மரம், இழைக்கும்போதே மணம் தெரியும். முறையான ரசீதோடு மரக்கடையில் கிடைத்தால் உள்பதிப்புக்கு அதைத்தான் எடுப்பேன். அது கிடைக்காவிட்டால் மகோகனி.

தேக்கை உள்ளே வைக்காதீர்கள், அதன் எண்ணெய் வாடை சுருட்டில் ஏறும். வெளிப்பெட்டிக்குத் தேக்கு அருமை, அயனியும் அருமை. பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கிற உத்தரத்துத் துண்டு இருந்தால் இன்னும் நல்லது, அது எத்தனையோ மழையும் வெயிலும் பார்த்து அடங்கின மரம். ரப்பர் மரம் நம் மாவட்டத்தில் மலிவு, அதில் பெட்டி செய்து விற்கிறார்கள். ஆனால் மருந்தில் ஊறவைக்காத ரப்பர் மரத்தை உளுப்பும் பூசணமும் உடனே பிடிக்கும், மருந்தில் ஊறினதைச் சுருட்டுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வராது. பிளைவுட் என்றால் பசை வாடை. உள்ளே வார்னிஷ், பாலிஷ் எதுவும் கூடவே கூடாது, மரத்தின் மூச்சை அடைத்துவிட்டு அப்புறம் அது ஈரத்தை எப்படி வாங்கும்? வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பளபளப்பாக்குங்கள்.

மரம் நார் ஓடும் திசையில் அனேகமாக நீளாது, குறுக்கேதான் விரியும், சுருங்கும். ஹீட்டர் போட்ட குளிர்நாட்டுப் பட்டறையில் செய்த பெட்டி நம் சாரலுக்கு வந்தால் மூடி இறுகித் திறக்காது, அல்லது மூலை விட்டுவிடும். இங்கே செய்த பெட்டி துபாயில் ஏசி அறைக்குப் போனால் சுருங்கி இடைவெளி விழும். அதனால் பலகையை அறுத்து ஒரு மழையும் ஒரு கோடையும் நிழலில் அடுக்கி வைக்காமல் நான் தொடுவது இல்லை, மூலைகளை டவ்டெயில், அதாவது புறா வால் மாதிரி விரிந்த பற்களைக் கோக்கிற பொருத்து, போட்டுத்தான் பூட்டுவேன், ஆணி அடிக்க மாட்டேன். இங்கேயிருந்து நடக்கிற தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. ஏசி இல்லாமல், இதே சாரலில், அத்தனை மரவேலையும் தலைமுறை தலைமுறையாகப் பொருத்து விடாமல் நிற்கிறதென்றால், அதைச் செய்த ஆசாரிமாருக்கு மரம் எப்போது விரியும் எப்போது சுருங்கும் என்று தெரிந்திருந்தது. அவர்கள் ஊரில் இருந்துகொண்டு, நல்ல பெட்டி வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வரவழையுங்கள் என்று ஒரு பத்திரிகை எழுதுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

நல்ல பெட்டியைக் கடையிலேயே சோதிக்கலாம். உள்பதிப்பு வெளிச்சுவரை விட மூன்று மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும், மூடி அதன் மேல் உட்கார வேண்டும். மூடியைக் கைவிட்டால் படாரென்று விழாமல், உள்ளே இருக்கிற காற்று தாங்க, மெதுவாக இறங்கும். போனில் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து மூடி, இருட்டில் பாருங்கள், கோடாக வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கோடு வழியாகத்தான் சாரலும் உள்ளே வரும். கீல், தாழ்ப்பாள், திருகு மூன்றும் பித்தளையாக இருக்கட்டும். கீலைப் பித்தளையில் போட்டுத் திருகை இரும்பில் போட்டுவிடுகிறார்கள், கடற்கரை ஊரில் ஒரே மழைக்காலத்தில் திருகு துருப்பிடித்து மரத்தில் கறை இறங்கும். அளவையும் பாருங்கள். ரொபஸ்டோ என்கிற சுருட்டு ஐந்து அங்குல நீளம், தடிமன் 50, அதாவது அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 50 பங்கு, கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். சர்ச்சில் என்கிற வகை ஏழு அங்குலம். ரொபஸ்டோவுக்குச் செய்த பெட்டியில் சர்ச்சிலைத் திணித்தால் நுனி நசுங்கும், பெரிய பெட்டியில் சின்னது உருண்டு மேல் இலை தேயும். என்ன சுருட்டு என்று கேட்காமல் பெட்டி செய்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

பயணத்தில் இரண்டு இடத்தில்தான் பெட்டி கெடுகிறது. ஒன்று நிறுத்தி வைத்த கார். வட்டக்கோட்டை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சுற்றி வந்தால் உள்ளே வேகும், வண்டு முட்டைக்கும் அந்தச் சூடு அடைகாத்த மாதிரி. இன்னொன்று ஏசி காரிலிருந்தோ ஏசி கோச்சிலிருந்தோ இறங்கினதும் கடற்கரைக் காற்றில் பெட்டியைத் திறப்பது. குளிர்ந்த சுருட்டின் மேல் ஈரக் காற்று பட்டு முத்து முத்தாக வேர்க்கும், அந்த ஈரம்தான் பூசணத்துக்குத் தொடக்கம். ஒரு மணி நேரம் மூடியே வைத்து வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் பெட்டியைக் கையோடு எடுத்துப் போவது நல்லது, விமானத்துக்குள் காற்று 20 சதவீத ஈரத்துக்கும் கீழே காய்ந்திருக்கும், ஆனால் நல்ல பெட்டியும் ஒரு பாக்கெட்டும் அந்தச் சில மணி நேரத்தைத் தாங்கிவிடும்.

கரண்டில் ஓடுகிற சுருட்டு அலமாரி வந்துவிட்டதே, மரப்பெட்டி எதற்கு என்றும் உங்கள் கட்டுரை கேட்டது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்து போன பிறகு நம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது. அந்த நாளில் சுருட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, நினைக்கவும் முடியாது. ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போவது இங்கே வழக்கம். மின்சாரப் பெட்டி நின்றுபோனால் உள்ளே குளிர்ந்திருந்ததெல்லாம் வேர்க்கத் தொடங்கிவிடும். மரம் அப்படி இல்லை, அது சுற்றியிருக்கிற மாற்றத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும்.

ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸுக்குக் கப்பலிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள், அது வடகிழக்கு மழை முடியாத நேரமும்கூட. அதற்கு முன்னால் அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில், பஞ்சு, ஆப்பிள், உருளைக்கிழங்கு, கிராம்பு நாலும் வேண்டாம் என்றும், 65 எண் இருவழிப் பாக்கெட் வைக்கலாம் என்றும் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். முடிந்தால் உங்கள் நிருபரை இந்தப் பக்கம் அனுப்புங்கள். தக்கலை, பத்மநாபபுரம் சுற்றுவட்டாரத்தில் உளி பிடிக்கிற கை இன்னும் இருக்கிறது, ஒரு பெட்டியின் மூலையை எப்படிப் பூட்டுகிறார்கள் என்று படம் எடுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.